இறக்குகூலி

ஓசூர்
10.7.2025

அன்புத் தங்கை சொர்ணவல்லிக்கு,

அண்ணன் ஆத்மநாதன் எழுதுவது. நெஞ்சைத் திறந்து தைத்த இடம் ஆறி வருகிறது. வாசல்வரை நடக்கலாம், மாடிப்படி கூடாது, அதிர்ச்சியும் கோபமும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் பிள்ளை செந்தமிழன் அதைக் கேட்டுவிட்டு என் செல்போனை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. போனில் யார் பேசினாலும் என் காதுக்குக் கொசு பாடுவது போலத்தான் கேட்கிறது. பழையபடி தபாலிலேயே பேசிக்கொள்வோம்.

மச்சான் ஆண்டியப்பனும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் குனிந்து ஒரு கேள்வி கேட்டாய். "ஏண்ணே, கட்டில் பீரோ விலை ஒரு பக்கம் கெடக்கட்டும். கொண்டாந்து இறக்குறதுக்கே ஏழாயிரம் கேக்குறானே, குடுக்கலாமா?" அப்போது என் மூக்கில் குழாய். பக்கத்துக் கட்டில்காரர்கூட உன்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது பதில் சொல்கிறேன்.

தென்னை மரத்தில் ஏறி இளநீர் வெட்டித் தருகிறவருக்கு நாம் எதற்குக் கூலி கொடுக்கிறோம்? இளநீரின் கனத்துக்கு இல்லை. மரத்தின் உயரத்துக்குக் கொடுக்கிறோம். விழுந்தால் அவர் விழுவார், நாம் விழமாட்டோம் என்பதற்குக் கொடுக்கிறோம். திருச்சிக் கடையிலிருந்து வண்டி வரும் தூரத்துக்கு டீசல் காசுதான் ஆகும். மீதியெல்லாம் திருக்கோகர்ணத்தில் மாப்பிள்ளை வீட்டின் அந்தக் குறுகலான வெளிப்படியில் இரண்டு மாடி ஏற்றுவதற்கு. கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் படியில் வெறுங்கையோடு ஏறியே எனக்கு மூச்சு வாங்கியது.

கேட்கிறதைக் கொடுத்துவிடுங்கள். புதுப்பெண் சுடர்விழிக்கு என் ஆசிகள்.

அண்ணன்
ஆத்மநாதன்


நார்த்தாமலை
19.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணம் எழுதுறது. ஒங்க கையெழுத்தைப் பாத்த பெறகுதான் எனக்கு உசுரு வந்துச்சு. கொஞ்சம் நடுங்குது, ஆனா வரி கோணலா போகலை. உப்பைக் கொறைச்சுட்டீங்களா? இங்கிட்டு எல்லாரும் சொகந்தான். சுடர்விழியை ஆடிக்கு அழைச்சுட்டு வந்துட்டோம். மாப்பிள்ளை அரவிந்த்குமார் ஞாயித்துக்கெழமை ஆனா இந்தப் பக்கம் ஏதோ வேலை இருந்துச்சுன்னு வந்து வாசல்ல நின்னு பேசிட்டுப் போறாரு. நாங்க பாக்காத மாதிரி இருந்துக்கிறோம்.

நீங்க சொன்னதை அவுககிட்டப் படிச்சுக் காமிச்சேன். இப்ப சங்கதி வேற மாதிரி ஆயிருச்சுண்ணே. ஆடித் தள்ளுபடி முடியிறதுக்குள்ள எடுத்தாத்தான் விலை கொறையும். ஆனா ஆடி மாசத்துல புதுப்பொண்ணு குடியிருக்கப் போற வீட்டுல கட்டிலை இறக்கலாமா? ஆவணி பொறக்கணும். கடைக்காரரு, "அதுவரைக்கும் வச்சிருக்க எனக்கு எடம் இல்லம்மா. இப்ப ஒங்க வீட்டுல இறக்குறேன். அங்கிட்டு கொண்டுபோக மறுபடி ஒரு கூலி"ங்கிறாரு. அவுக அதைக் கேட்டுட்டு, ரெண்டு கூலி குடுத்தா தள்ளுபடி எதுக்குன்னு எந்திரிச்சு வந்துட்டாக.

அதோட இன்னொண்ணும் சொல்றாக. எங்க வகையறாவுல சீர்ச் சாமானைக் கூலியாளு தொடக்கூடாதாம். பொண்ணோட கூடப்பொறந்தவன் தூக்கிட்டுப் போயி வைக்கணுமாம்.

நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுங்க.

தங்கை
சொர்ணவல்லி

மாமா, நான் வசந்த். அம்மா கடுதாசியில எடம் மிச்சம் கெடந்துச்சு. போலீஸ் செலக்சனுக்காக தெனம் காலையில மலையைச் சுத்தி ஓடுறேன், கயிறு ஏறுறேன். எனக்குப் பீரோ எல்லாம் ஒரு சுமையா? கூட்டாளிக மூணு பேரு ரெடி. கூலி ஆளுக்கு ஒரு பிரியாணி, அதுவும் சுடர் செலவுல. "எனக்கு வர்ற சீருக்கு நானே கூலி குடுக்கணுமாடா"ன்னு இப்பவே சண்டைக்கு வர்றா. ஒங்களைப் படியேறக் கூடாதுன்னு சொல்லியிருக்காகளாம்ல. ஒங்க பங்குக்கும் சேத்து நான் ஏறிடுறேன் மாமா.


ஓசூர்
26.7.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். உப்பைக் குறைத்துவிட்டேன். சாப்பாட்டுக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

வழக்கத்தைப் பற்றி மச்சான் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். வழக்கம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எந்தச் சாமானுக்கு ஏற்பட்டது என்று பார்க்க வேண்டாமா? உன் கல்யாணத்துக்கு நான் தூக்கி வந்த சீர் என்ன? பித்தளைக் குடம், அண்டா, ஒரு ஜமுக்காளம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மேளத்துக்கு நடுவில் நடந்து வந்தேன். அழகாகத்தான் இருந்தது. பீரோவுக்குத் தோளும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. பித்தளைக் குடத்துக்குச் செய்த வழக்கத்தை இரும்புப் பீரோவின் தலையில் கட்டக் கூடாது.

இன்னொரு உதாரணம். எங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு இரும்பு அலமாரி வந்தபோது, அதை மாடிக்கு ஏற்ற நாலு ஆட்கள் வந்தார்கள். நான் வகுப்பை விட்டு வந்து வேடிக்கை பார்த்தேன். அவர்களில் ஒருவர்தான் பேசினார். "விடு", "பிடி", "நில்லு" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. மற்ற மூவரும் வாயைத் திறக்கவில்லை. வசந்தும் அவன் கூட்டாளிகளும் தூக்கினால் நாலு பேரும் பேசுவார்கள் என்பது என் கணிப்பு. அவனிடம் படித்துக் காட்டு, சிரிப்பான்.

பணம்தான் தடை என்றால், ரெண்டாவது கூலி தாய்மாமன் சீராக இருக்கட்டும். செந்தமிழனிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன். பாத்திரமாகக் கொடுப்பதற்குப் பதிலாகப் பத்திரமாகக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்
ஆத்மநாதன்


நார்த்தாமலை
5.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒங்க ஒடம்பு தேவலையா? எனக்கு மூட்டு எப்பயும் போலத்தான். எந்திரிக்கும்போது ஒரு தடவை அம்மான்னு சொல்லணும், அம்புட்டுதான்.

கோவிச்சுக்காதீங்க. கூலி நீங்க தர்றேன்னு எழுதுனதை அவுக படிச்சுட்டாக. "ஒங்கண்ணன் ஆபரேசன் செஞ்சு படுத்துக்கிட்டு எனக்குக் கூலி அனுப்புறாரா? என் மகளுக்குச் சாமான் கொண்டுபோயி இறக்க எனக்கு வக்கில்லையா?"ன்னு கேட்டாக. ஒங்க மேல மரியாதை இல்லாம இல்லண்ணே. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா கொறைவா நெனைப்பாகன்னு ஒரு இது.

அடைக்கலம் இருக்காருல்ல, குட்டியானை வச்சுப் பூவு ஏத்திட்டுப் போறவரு. திருச்சியில பூவை எறக்கிட்டுச் சும்மா திரும்புற வண்டியில கட்டில், பீரோ, மெத்தை, கண்ணாடி மேசை எல்லாத்தையும் ஏத்திட்டு வந்துட்டாரு. டீசலுக்கு மட்டுந்தான் வாங்கிக்கிட்டாரு. இப்ப எல்லாம் நடுவீட்டுல நிக்குது. பீரோவைச் சுத்தித்தான் நாங்க நடக்கோம். பாக்க வர்ற சனம் கதவைத் தொறந்து தொறந்து மூடிட்டு, "சொர்ணம், கனமான தகடுடி"ன்னு சொல்லிட்டுப் போகுதுக.

ஆவணி ரெண்டாவது வியாழக்கெழமை நாள் பாத்திருக்கு. மஞ்சக் குங்குமம் வச்சு இங்கேருந்து கெளம்பி, ராவுகாலத்துக்கு முன்ன அங்க மாடியில வச்சுப் பால் காய்ச்சணும். எந்தக் கொறையும் இல்லாம இது ஒண்ணு முடிஞ்சுட்டா எனக்குப் போதும்ணே. பொண்ணு போற வீட்டுல மொதல்ல எறங்குற சாமான். ஒரு தும்மல், ஒரு அழுகை கேக்கக் கூடாது. அவ அங்க தலைநிமிந்து இருக்கணும்.

தங்கை
சொர்ணவல்லி

மாமா, ஒங்க கணிப்பு தப்பு. நாலு பேரும் பேசமாட்டோம், நான் ஒருத்தன்தான் பேசுவேன். மத்தவனுகளைக் கேட்டா, எப்பவும் அப்படித்தாங்கிறானுக. திருச்சியிலேருந்து வந்தப்ப பின்னாடி நானும் பீரோவும்தான். வழியெல்லாம் பல்லக்குல வர்ற சாமியைப் புடிச்சுட்டு வர்ற மாதிரி வந்தேன். அவ்வளவு கனமில்ல மாமா, நீங்க படுத்துத் தூங்குங்க. - வசந்த்


ஓசூர்
12.8.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். மச்சானுக்கு வருத்தம் தந்திருந்தால் என் சார்பில் நீயே சமாதானம் சொல்லிவிடு. இனி கூலியைப் பற்றிப் பேசமாட்டேன்.

வசந்த், இது உனக்கு. தூக்குவது என்று முடிவாகிவிட்டதால் ஒரே ஒரு விஷயம். படியில் ஏறும்போது பீரோவுக்குக் கீழ்ப்பக்கம் நிற்கிறவன்தான் முழுக் கனத்தையும் தாங்குகிறான். நீ தைரியசாலி என்பதற்காக அந்த இடத்தை எடுத்துக்கொள்ளாதே. பெரிய கயிறு போட்டு மேலேயிருந்து ரெண்டு பேர் பிடித்துக்கொள்ளட்டும். கைவிட்டுப் போனால் விட்டுவிட்டு விலகு. பீரோ நசுங்கினால் இன்னொன்று வாங்கலாம்.

வியாழக்கிழமை நான் இங்கிருந்தே நினைத்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் ஒரு வரி போடுங்கள்.

ஆத்மநாதன்


ஓசூர்
10.9.2025

அன்புத் தங்கைக்கு,

என் உடம்பு முன்னேறி இருக்கிறது. தெருமுனைவரை போய் வருகிறேன். உங்கள் சுகத்தை எழுது.

சாமான் இறங்கி முடிந்த செய்திக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவரே, "சார், வந்தா தரமாட்டேனா?" என்று கேட்டுவிட்டார். செந்தமிழனிடம் கேட்டால், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறான். அவன் ஆகஸ்ட் கடைசியில் அலுவலக வேலை என்று திருச்சிக்குப் போனான். திரும்பியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நடுவில் உங்களைப் பார்த்துவிட்டு வந்தாயா என்றதற்கு, நேரமில்லை என்றான். திருச்சிவரை வந்தவன் நார்த்தாமலைக்கு வராமல் திரும்புவானா? நீ அவனைக் கண்டித்து எழுது.

சுடர்விழி புது வீட்டில் என்ன சமைக்கிறாள்? வசந்துக்குத் தேர்வு நாள் வந்துவிட்டதா?

அண்ணன்
ஆத்மநாதன்


நார்த்தாமலை
18.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணம். ஒங்க ஒடம்பைப் பாத்துக்கங்க. அதுதான் முக்கியம். வேற எதையும் நெனைக்காதீங்க.

சாமானெல்லாம் ராவுகாலத்துக்கு முன்ன எறங்கிருச்சு. பால் பொங்குச்சு. பீரோவுல ஒரு கீறல் இல்ல. சம்பந்தி வீட்டுல கொறை ஒண்ணும் சொல்லலை.

சுடர்விழி சமைக்கிறா. அவுக வயக்காட்டுப் பக்கம் போறதில்ல. மழை இல்ல. கடலைச்செடி காயுது.

செந்தமிழனைத் திட்டாதீங்க. அது நல்ல புள்ள.

சொர்ணவல்லி


ஓசூர்
25.9.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முப்பத்தைந்து வருஷம் தினமும் காலையில் வருகைப் பதிவு எடுத்தவன் நான். "உள்ளேன் ஐயா" என்று நாற்பது குரல் கேட்டாலும், என் காது கேட்காத குரலைத்தான் தேடும். ஒரு பையன் தொடர்ந்து வரவில்லை என்றால் அவன் வீட்டுக்கே போய்விடுவேன். காய்ச்சல் என்பார்கள், ஊருக்குப் போயிருக்கிறான் என்பார்கள். போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உன் கடிதத்தில் கடலைச்செடிகூட இருக்கிறது. வசந்த் இல்லை. கீழே அவ்வளவு இடம் மிச்சம் இருந்தும் அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அவன் எங்கே? அடிபட்டுப் படுத்திருக்கிறானா? எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களா? எனக்காக மறைக்காதே. இந்த நெஞ்சைத் திறந்து பார்த்துத்தான் தைத்திருக்கிறார்கள். தாங்கும். எழுது.

அண்ணன்
ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
6.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுடர்விழி எழுதுகிறேன். நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டு, "என்னால முடியாதுடி" என்று சொல்லிவிட்டது. இதைப் படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் அத்தானைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்த் இறந்துவிட்டான் மாமா. சாமான் இறக்கிய அன்றைக்கே.

உங்களுக்கு ஆபரேசன் ஆகியிருப்பதால் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் பேசி முடிவு செய்தார்கள். செந்தமிழன் அத்தான் வந்து, காடுவரை போய்விட்டுத்தான் ஓசூருக்குத் திரும்பியது. அதைத் திட்டாதீர்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வண்டி வந்து நின்றபோது நேரம் கொஞ்சம்தான் இருந்தது. கட்டில், மெத்தை எல்லாம் ஏறிவிட்டன. கடைசியில் பீரோ. நீங்கள் எழுதியபடி கயிறு எடுத்து வந்திருந்தான். ஆனால் கயிறு கட்டினால் சாமிக்குப் போடுவது மாதிரி அதற்குப் போட்டிருந்த மாலையும் குங்குமமும் கலையும் என்று அப்பா வேண்டாம் என்றது. அவன் கீழ்ப்பக்கம் நின்றான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலே பிடித்திருந்த பையனுக்குக் கை வழுக்கியது. அவன் பிடித்த இடத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தது. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பீரோ இறங்கி அவனைக் கைப்பிடிச் சுவரோடு வைத்து வயிற்றில் அழுத்தியது. அவன் விலகவில்லை. விலகியிருந்தால் பீரோ கீழே போயிருக்கும். அவனுக்குக் கீழே படியில் அம்மா தாம்பூலத் தட்டோடு நின்றுகொண்டிருந்தது.

மேலேயிருந்து என் மாமியார், "என்னப்பா சத்தம்?" என்றார்கள். "பீரோ கதவு தட்டுச்சு அத்தை, ஒண்ணுமில்ல" என்று சொன்னான். ரத்தம் இல்லை. திரும்பவும் தூக்கி மாடியில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

பிறகு பந்தி. இலையில் உட்கார்ந்தவன் இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். எதிர் வரிசையிலிருந்து நான் என்னடா என்று கண்ணால் கேட்டேன். தலையை ஆட்டினான். அம்மாவும் பார்த்தது. அப்பாவும் பார்த்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். சீர் இறக்கிய வீட்டில் அடிபட்டது, வலிக்கிறது என்று ஒரு சொல் விழக் கூடாது. விழுந்தால் வந்த நாளிலேயே பொண்ணு ராசி இப்படி என்று ஆகிவிடும். "தம்பி சாப்பிடலையே" என்று மாமியார் கேட்டதற்கு, "போலீஸ் செலக்சன் அத்தை, டயட்டு" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாயசம் மட்டும் குடித்தான்.

இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி ஆட்டோவில் போகிற தூரம்தான் மாமா. அவன் குட்டியானையில் ஏறிப் படுத்து நார்த்தாமலைக்குப் போனான். வீட்டுக்குப் போன பிறகுதான் "அம்மா வலிக்குது" என்று சொன்னானாம். வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, திரும்ப இதே வழியாக எங்கள் தெருவைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உள்ளுக்குள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் நிறைந்துவிட்டது என்றார்கள். மதியமே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

மாமியார் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பதினாறாம் நாள் அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பீரோவைத் தெருவுலயே போட்டுட்டுத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்போமே. எங்களை என்னன்னு நெனைச்சீக?" என்று கேட்டு அழுதார்கள்.

பீரோ நன்றாக இருக்கிறது. துணி வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பது?

நீங்கள் மாத்திரை சாப்பிடுங்கள். பதில் எழுத வேண்டாம், முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

சுடர்விழி


நார்த்தாமலை
3.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணம். ஒங்ககிட்டேருந்து கடுதாசி இல்ல. செந்தமிழன், அப்பா சாப்பிடுறாக, பேசுறதில்லன்னு சொல்லுச்சு. நானும் எழுதலை. என்னத்தை எழுத?

தலைத் தீவாளிக்கு மாப்பிள்ளையும் சுடரும் வந்தாக. புதுத்துணி எடுக்கலை. மாப்பிள்ளை, வசந்த் செருப்பைக் கையில எடுத்து மாடத்துல வச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தாரு. இம்புட்டு நாளா அது வாசல்லதான் கெடந்துச்சு.

அவுக யாருகிட்டயும் பேசுறதில்ல. போன வாரம் திருச்சிக் கடைக்காரரு போன் பண்ணி, "சாமான் எப்படி இருக்குங்க, திருப்திதானா?"ன்னு கேட்டிருக்காரு. "நல்லா இருக்குங்க"ன்னு சொல்லி வச்சுட்டாக. அப்பறம் கொல்லையில போயி ரொம்ப நேரம் நின்னாக.

ஒரு விசயம் கேக்கணும்ணே. அடுத்த வீட்டு மீனம்மாள் மகளுக்குத் தையில கல்யாணம். பீரோ பாத்துட்டு வந்திருக்காக. அவ எங்கிட்ட வந்து, "தப்பா எடுத்துக்காத சொர்ணம். இறக்குகூலி அநியாயமாக் கேக்குறான். எங்க வீட்டுக்காரரு, பசங்க ரெண்டு பேரும் தூக்கிருவானுகங்கிறாரு. ஒனக்கு நடந்தது விதி, எல்லாருக்குமா நடக்கும்ங்கிறாரு. என்னடி செய்ய?"ன்னு கேக்குறா. அவ பசங்க ரெண்டு பேரும் வசந்தோட ஓடிக்கிட்டிருந்தவனுக. அவ இன்னும் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கா. நான் என்ன சொல்லட்டும்?

ஒடம்பைப் பாத்துக்கங்க. எனக்கு இப்ப நீங்க வேணும்.

தங்கை
சொர்ணவல்லி


ஓசூர்
11.11.2025

சொர்ணம்,

நான் இருக்கிறேன். மருந்து சாப்பிடுகிறேன், சாப்பாடு இறங்குகிறது. இந்த மாதத்தில் உனக்கு எழுத உட்கார்ந்து எழுதிக் கிழித்த தாள்கள் நிறைய. எதற்கெடுத்தாலும் உதாரணம் சொல்கிறவனுக்கு இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் முதல் ரயிலில் வருகிறேன். மச்சானோடு கொல்லையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். நாங்கள் பேசிக்கொள்ளமாட்டோம், நின்றுகொண்டிருப்போம். நீ தினமும் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. சுடர்விழியைத் தனியாக விடாதே. அவள் சிரித்ததை எழுதியிருக்கிறாள். அதை அவள் தினமும் நினைப்பாள். அடிக்கடி போய் அவளோடு இரு. மாமியாரிடமும் பேசு. நல்ல மனுஷி.

மீனம்மாளிடம் வசந்தின் சாவைக் காரணமாகச் சொல்லாதே. விதி என்று முன்கூட்டியே பதில் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளையை அந்தச் சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அதை நீ இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை. கீழே எழுதியிருப்பதை மட்டும் கிழித்து அவளிடம் கொடுத்துவிடு.

அண்ணன்
ஆத்மநாதன்

மீனம்மாளுக்கு: இறக்குகூலி அதிகம் என்று சொல்கிறவர் யாரோ, அவரையே கடைக்கு அழைத்துப் போ. பீரோவின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரு மூலையை மட்டும் தூக்கச் சொல். நீ கடைக்காரரிடம் பேரம் பேசி முடிக்கும்வரை அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்.